பிற்பகல் மூன்று மணிக் கால்களுக்கு ஒரு ஸ்கி

கேள்வி: "எனக்கு 67 வயது. பெர்னில் இருக்கிறேன். முப்பத்தைந்து வருடமாகப் பனிச்சறுக்குப் பழக்கம். உயரம் 172 செ.மீ., எடை 76 கிலோ. இப்போது வைத்திருப்பது 2008-இல் வாங்கிய ரேஸ் வகை ஸ்கி: நீளம் 178 செ.மீ., நடுவில் அகலம் 66 மி.மீ., திரும்பும் வட்டத்தின் ஆரம் 18 மீட்டர். பூட்ஸும் அதே வயது. பெரும்பாலும் அடெல்போடன், க்ரின்டெல்வால்ட் பிஸ்டுகளில்தான் (சமன் செய்த சறுக்குப் பாதைகளில்தான்) சறுக்குவேன். சில நாள் பேரப்பிள்ளைகளோடு. வலது முழங்காலில் மெனிஸ்கஸ் (மூட்டுக் குருத்தெலும்பு) அறுவை சிகிச்சை முடிந்து நான்கு வருடம் ஆகிறது, சறுக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காலையில் பழையபடி இறங்குகிறேன். மதியத்துக்கு மேல் தொடை கனத்துவிடுகிறது. ஒரு கடையில் 90 மி.மீ. அகல ஸ்கி சுலபம் என்றார்கள். நண்பர், இந்த வயதுக்கு மென்மையான, எடை குறைந்த ஸ்கி போதும் என்கிறார். எதை வாங்குவது?"

ஐயா, இரண்டும் வேண்டாம். நடுவில் 72 முதல் 80 மி.மீ. வரை அகலம், 163 முதல் 170 செ.மீ. வரை நீளம், 14 முதல் 16 மீட்டர் வரை ஆரம், முனை லேசாக மேலெழும்பியது, பின்முனை முரட்டுத்தனம் இல்லாதது, உள்ளே கொஞ்சமாவது உலோகத் தகடு உள்ளது. இப்படிப்பட்ட பிஸ்ட் ஸ்கிதான் உங்களுக்கு. ஆனால் அதற்கு முன் பூட்ஸைப் பார்க்க வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தின் பெர்னர் ஓபர்லாண்டு மலைப்பகுதியில் ஒரு ஸ்கிக் கடையின் வாடகைப் பகுதியிலும் பட்டறையிலும் பல குளிர்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் நிலையில் இருப்பவர்கள்தான் அங்கே அதிகம் வருவார்கள். நன்றாகச் சறுக்கத் தெரியும், நுட்பம் கையில் இருக்கிறது, உடம்பு மட்டும் பழைய அளவுக்கு ஒத்துழைப்பதில்லை.

உங்கள் கேள்வியிலேயே விடைக்கான திறவுகோல் இருக்கிறது. காலையில் சிக்கல் இல்லை, மதியத்துக்கு மேல்தான் சிக்கல் என்கிறீர்கள். அப்படியானால் ஸ்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது மூன்று மணிக் கால்களை வைத்துத்தான். காலை ஒன்பதரைக்கு, இரவெல்லாம் இயந்திரம் உழுது சமன் செய்த பிஸ்டில், எந்த நல்ல ஸ்கியும் உங்களுக்கு இனிக்கும். மூன்று மணிக்கு அதே பிஸ்ட் வேறு இடமாகியிருக்கும்: நடுவில் பளபளக்கும் கடினப் பனி, ஓரங்களில் குவிந்த தளர்பனி மேடுகள், மார்ச் மாதமானால் கீழ்ப்பாதி முழுக்கக் கஞ்சி போல இளகிய பனி. உங்கள் தொடையும் அதற்குள் சில ஆயிரம் மீட்டர் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் உங்களிடம் குறைவாகக் கேட்கிற ஸ்கி எது என்பதே கேள்வி.

தொடை களைத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். முழங்காலை மடக்கி முன்னால் நிற்கும் நிலையைத் தாங்குவது தொடையின் முன்தசை. அது களைத்ததும் உடம்பு தானாகப் பின்னால் உட்காரும். நுட்பம் தெரிந்தவர்களுக்கும் இது நடக்கும். பின்னால் உட்கார்ந்தால் எடை ஸ்கியின் வால் பக்கம் போகிறது, முன்முனை இலேசாகித் திரும்ப மறுக்கிறது, அதைத் திருப்ப இன்னும் பலம் போடுகிறீர்கள், தொடை இன்னும் களைக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்களான எட்லிங்கர், ஜான்சன், ஷீலி ஆகிய மூவரும் ஸ்கி விபத்துகளை ஆராய்ந்து, முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் கிழியும் ஒரு வகை விழுதலை விவரித்திருக்கிறார்கள். இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய், எடை முழுவதும் கீழ்ப்பக்க ஸ்கியின் வாலில், உள்விளிம்பில் விழும் நிலை அது. அப்போது ஸ்கியின் வால் ஒரு நெம்புகோலாகிக் காலை முறுக்குகிறது. பூட்ஸை ஸ்கியோடு பிணைக்கும் வழக்கமான பைண்டிங் முன்னால் பக்கவாட்டிலும் பின்னால் மேல்நோக்கியும்தான் திறக்கும். இந்த முறுக்கலுக்கு அது திறக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. நீளமான, விறைத்த வால் கொண்ட 178 ரேஸ் ஸ்கி மூன்று மணிக்கு உங்களுக்கு ஏன் ஏற்றதல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

சரி, அப்படியானால் நண்பர் சொல்வது போல மென்மையான, எடை குறைந்த ஸ்கி? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கடையில் கையில் தூக்கிப் பார்க்கும்போது இலேசாக இருக்கும், வளைத்துப் பார்த்தால் சுலபமாக வளையும், வயதுக்கு ஏற்றதுதானே என்று தோன்றும். ஆனால் காலி லாரி மேடுபள்ளத்தில் குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள், சுமை ஏற்றிய லாரி அதே ரோட்டில் அமைதியாகப் போகும். எடை குறைந்த ஸ்கி உடைந்த பனியில் அப்படித்தான் தட்டுப்படும். ஒவ்வொரு தட்டலையும் வாங்கிக்கொள்வது உங்கள் முழங்காலும் தொடையும். டைட்டானல் என்ற அலுமினியக் கலவைத் தகடு வைத்த ஸ்கி அந்த அதிர்வைத் தானே விழுங்கிக்கொள்ளும். கார் நிறுத்தும் இடத்திலிருந்து லிஃப்ட் வரை தோளில் அரைக் கிலோ கூடுதலாகச் சுமப்பீர்கள், உண்மைதான். நாள் முழுவதும் கால் அதைத் திருப்பிச் சம்பாதித்துவிடும்.

மென்மையிலும் இரண்டு உண்டு, இதை விற்பவர்களே பல நேரம் பிரித்துச் சொல்வதில்லை. ஒன்று நீளவாக்கில் வளைவது. இன்னொன்று முறுக்கும்போது திருகிக்கொள்வது. நீளவாக்கில் மிதமாக வளையும் ஸ்கி உங்களுக்கு நல்லது. குறைந்த வேகத்திலும் வில்லாக வளைந்து திரும்பும், மேடுகளைத் தொடர்ந்து போகும். முறுக்கில் திருகிக்கொள்ளும் ஸ்கி உங்களுக்குக் கெடுதல். கடினப் பனியில் விளிம்பு பிடிக்க வேண்டிய நேரத்தில் முனையும் வாலும் விலகிவிடும், நடுப்பகுதி மட்டும் பிடிக்கும், நீங்கள் சறுக்கிப் போவீர்கள். சுவிஸ் பிஸ்டுகளில் பாதிக்கும் மேல் செயற்கைப் பனி போடும் வசதி உள்ளவை. அந்தப் பனி இயற்கைப் பனியைவிட அடர்த்தியானது, இரவில் இறுகினால் கல் மாதிரி ஆகிவிடும். முப்பத்தைந்து வருடம் விளிம்பை நம்பியே இறங்கிய உங்களுக்கு, விளிம்பு பிடிக்காத ஸ்கியைக் கொடுத்தால் முதல் நாளே பயம் வந்துவிடும். பயந்தவர் பின்னால் உட்காருவார். முன்பு சொன்ன வட்டம் அங்கிருந்து மறுபடி தொடங்கும்.

முதியவர்களுக்கு என்று யாராவது தனியாக ஒரு ஸ்கியைக் காட்டினால், அது பெரும்பாலும் தொடக்க நிலை ஸ்கிதான். உங்களுக்குக் குறைந்திருப்பது பலம். திறமை அப்படியே இருக்கிறது. அதனால் நல்ல நடுத்தர, மேல்நடுத்தர ஸ்கிகளில் அளவைக் கொஞ்சம் இறக்கி வாங்குவதே சரி. இன்னொரு வழியும் சொல்கிறேன்: பெண்களுக்கானது என்று விற்கும் பல ஸ்கிகள், ஆண்களுக்கான அதே வடிவத்தில் கொஞ்சம் எடை குறைத்து, வளைவை இளக்கிச் செய்தவை. 76 கிலோவில் உங்களுக்கு அது தேவைப்படாது. ஆனால் 60, 65 கிலோ எடையுள்ள, வயதான, தேர்ந்த ஆண்களுக்கு அவற்றில் மேல்நிலை மாடல்கள் மிக நன்றாகப் பொருந்துவதைப் பட்டறையில் பலமுறை பார்த்திருக்கிறேன். நிறத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

இப்போது அகலம். 90 மி.மீ. சுலபம் என்று கடைக்காரர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. மென்பனியில் அது மேலே மிதக்கும், கஞ்சிப் பனியில் மூழ்காது, விளிம்பு மாற்றத்தில் அவசரப்படுத்தாது. ஆனால் நீங்கள் இறங்குவது பிஸ்டில். கடினப் பனியில் ஸ்கியைச் சாய்த்து விளிம்பில் நிறுத்தும்போது, பனி உங்களைத் திருப்பித் தள்ளும் விசை விளிம்பு வழியாக வருகிறது. காலின் நடுக்கோட்டிலிருந்து அந்த விளிம்பு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு திருகுவிசை முழங்காலுக்குப் போகும். 66 மி.மீ. ஸ்கியில் அந்தத் தூரம் 33 மி.மீ.; 90-இல் 45. பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுகிறது, அதுவும் ஒவ்வொரு திருப்பத்திலும். 2015-இல் ஸ்லோவேனிய ஆய்வாளர்கள் ஒடுங்கிய, நடுத்தர, அகன்ற மூன்று வகை ஸ்கிகளில் பனியிலேயே அளந்து பார்த்து, அகலம் கூடக்கூட முழங்கால் மூட்டின் நிலை சாதகமற்ற பக்கம் நகர்வதைக் காட்டினார்கள். மெனிஸ்கஸ் வெட்டிய முழங்காலுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அகன்ற ஸ்கியை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாற்றவும் நேரம் கூடும்.

அதே சமயம் 66-லேயே இருங்கள் என்றும் சொல்ல மாட்டேன். அவ்வளவு ஒடுங்கியது பிற்பகல் தளர்பனியில் வெட்டிக்கொண்டு உள்ளே போகும், அதை இழுத்து வெளியே கொண்டுவருவது தொடையின் வேலை. 72 முதல் 80 வரை என்று நான் சொல்வது இந்த இரண்டுக்கும் நடுவே. டிசம்பர், ஜனவரியில் மட்டும் போகிறவர் என்றால் 72 பக்கம் சாயுங்கள். மார்ச், ஏப்ரலில் அதிகம் என்றால் 78, 80. நம் பக்கத்து இடங்களில் பல பிஸ்டுகள் 1,300, 1,400 மீட்டர் உயரத்தில் முடிகின்றன, வசந்தத்தில் அங்கே பிற்பகலில் என்ன பனி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு சின்னக் குறிப்பு: மாடல் பெயரில் வரும் எண் பல நிறுவனங்களில் இந்த நடு அகலத்தைத்தான் குறிக்கும். பெயரில் 84 என்றால் நடுவில் 84 மி.மீ.

ஆரத்தைப் பற்றிக் கொஞ்சம் கணக்கோடு சொல்ல வேண்டும், ஏனென்றால் சுலபமாகத் திரும்பும் என்று சொல்லி 12 மீட்டர் ஆர ஸ்லாலம் ஸ்கியை (நெருக்கமான திருப்பங்களுக்கான பந்தய வகை) கையில் கொடுப்பவர்களும் உண்டு. குறைந்த ஆரம் என்றால் குறைந்த சாய்விலேயே ஸ்கி திரும்பும், அது உண்மை. ஆனால் வேகம் இருக்கும்போது சின்ன வட்டம் பெரிய விசையைக் கேட்கும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 15 மீட்டர் ஆர வட்டத்தில் திரும்பினால் உங்கள் கால் தாங்கும் சுமை உடல் எடையைப் போல் சுமார் 1.3 மடங்கு. 76 கிலோவுக்கு ஏறத்தாழ 99 கிலோ. அதே வேகத்தில் 10 மீட்டர் வட்டம் என்றால் 1.6 மடங்கு, 122 கிலோ. பெரும்பகுதி வெளிக்காலில் இறங்கும், அதுவும் முழங்கால் மடங்கிய நிலையில். ஸ்லாலம் ஸ்கி காலையில் உற்சாகம் தரும். ஓய்வெடுத்து நேராகப் போகவே விடாது, விளிம்பில் வைத்த உடனே திரும்பிவிடும். உங்கள் 18 மீட்டர் ஸ்கியின் குணம் நேர் எதிர். வேகம் இருந்தால் அருமை, பேரப்பிள்ளைகளோடு மெதுவாக இறங்கும்போது வளையவே வளையாது, ஒவ்வொரு திருப்பத்தையும் நீங்களே பாதத்தால் திருக வேண்டும். 14, 15 மீட்டர் இரண்டு வேகத்துக்கும் இடம் கொடுக்கும்.

நீளத்தில் உங்களுக்குத் தயக்கம் இருக்கலாம். நீங்கள் கற்றுக்கொண்ட காலத்தில் இரண்டு மீட்டர் நேர் ஸ்கிதான் தேர்ந்தவர்களின் அடையாளம். 1993-இல் ஸ்லோவேனியாவின் ஏலான் நிறுவனம் எஸ்.சி.எக்ஸ். என்ற, இடுப்பு போல நடுவில் ஆழமாக வளைந்து ஒடுங்கிய ஸ்கியைக் கொண்டுவந்த பிறகு அந்தக் கணக்கு முழுக்க மாறிவிட்டது. பனியில் பதியும் விளிம்பின் நீளமும் முறுக்கு விறைப்பும்தான் பிடியைக் கொடுக்கிறது. 167 செ.மீ. நீளமுள்ள இன்றைய நல்ல பிஸ்ட் ஸ்கி, உங்கள் பழைய 178-ஐவிடக் கடினப் பனியில் மோசமாகப் பிடிக்காது. முனை ரொம்ப அதிகமாக மேலெழும்பிய ராக்கர் வகை என்றால் பதியும் நீளம் குறையும், அதில் மட்டும் 170-க்குப் போகலாம். பாதத்துக்கு அடியில் வில் போன்ற கேம்பர் கட்டாயம் இருக்கட்டும்.

மாடல் பெயர் கேட்பீர்கள். நிறுவனங்கள் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்கும், அதனால் பெயரைவிட அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் தேடலைத் தொடங்க: சுவிஸ் ஊரான மால்டெர்ஸில் செய்யப்படும் ஸ்டோக்லியின் லேசர் ஏ.எக்ஸ்., நடுவில் 78. விலை ஆயிரம் ஃபிராங்கைத் தாண்டும், ஆனால் அதிர்வை விழுங்குவதில் நான் கால் வைத்தவற்றில் சிறந்த வரிசையில் வரும். ஹெட் நிறுவனத்தின் சூப்பர்ஷேப் ஈ-ராலி, அதுவும் 78. அதே குடும்பத்தில் ஈ-மேக்னம் 72, இன்னும் துடிப்பானது. ஏலானின் விங்மேன் 82 நான் சொன்ன எல்லையைக் கொஞ்சம் தாண்டினாலும் மிகவும் இணக்கமானது, பின்முனை சின்னத் தவறுகளை மன்னிக்கும். வோல்க்ல் டீக்கன் 76 அருமையான ஸ்கி, ஆனால் வலுவான கால் கேட்கும். உங்கள் முழங்காலை நினைத்து அதைக் கடைசியில் வைப்பேன்.

பைண்டிங். ஸ்கியை எல்லோரும் மணிக்கணக்கில் பேசுவார்கள், இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்க மாட்டார்கள். எந்த விசையில் பைண்டிங் திறக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 11088 என்ற தரநிலை இருக்கிறது. எடை, உயரம், பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் பாணி, வயது ஆகியவற்றை வைத்து அட்டவணையில் மதிப்பைப் பார்ப்பார்கள். 50 வயது ஆனவர்களுக்கு அட்டவணையில் ஒரு படி இறக்கி வைக்க வேண்டும், அதாவது சீக்கிரம் திறக்கும்படி. நாற்பது வயதில் வைத்த மதிப்பிலேயே அறுபத்தைந்து வரை ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சறுக்கும் பாணியிலும் உண்மையைச் சொல்லுங்கள். மூன்று வகையில் வேகமான, செங்குத்துச் சரிவு விரும்பும் மூன்றாம் வகை என்று பழைய நினைப்பில் சொல்லிவிடக் கூடாது. இப்போது நீங்கள் இரண்டாம் வகை. வாங்கும் பைண்டிங்கின் அளவுகோலில் உங்கள் மதிப்பு நடுவில் விழ வேண்டும், ஆகக் கீழே ஒட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. அதனால் ரேஸ் பைண்டிங் தேவையில்லை.

உங்கள் 2008 பைண்டிங்கைப் புது ஸ்கியில் மாற்றிப் போடலாமா என்று கேட்டால், வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்கும் ஸ்பிரிங்கும் வயதாகும். தயாரிப்பாளர்கள் பழைய மாடல்களைப் பொறுப்பேற்கும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், பிறகு எந்த ஒழுங்கான பட்டறையும் அவற்றைத் தொடாது. இன்னொன்று, இன்றைய பூட்ஸ் பெரும்பாலும் க்ரிப்வாக் அடியோடு வருகிறது. நடக்க வசதியாக முன்னால் வளைந்த, ரப்பர் பிடியுள்ள அடி அது. அதற்கென்று பொருந்தும் பைண்டிங்தான் வேண்டும், பழையதில் மாட்டினால் நுழைந்துகொள்ளும், ஆனால் திறக்கும் என்று நம்ப முடியாது. முழங்காலை நினைத்து இன்னொரு தெரிவும் உண்டு: குதிகால் பகுதி பக்கவாட்டிலும் திறக்கும் பைண்டிங்குகள். டிரோலியாவும் ஹெட்டும் ப்ரொடெக்டர் என்ற பெயரில் விற்கிறார்கள். முன்பு சொன்ன அந்த வால் முறுக்கலை மனதில் வைத்து வடிவமைத்தது. முழுப் பாதுகாப்பு என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் உங்கள் நிலையில் இருந்தால் கூடுதல் விலையைக் கொடுத்து நான் அதைத்தான் எடுப்பேன். ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் பைண்டிங்கைக் கருவியில் வைத்து அளந்து, சுவிஸ் விபத்துத் தடுப்பு மையமான பி.எஃப்.யு.வின் ஒட்டியை ஒட்டித் தருவார்கள். அதைத் தவறவிடாதீர்கள்.

இனி பூட்ஸ். இது உங்கள் ஸ்கியைவிட அவசரம். 2008 பூட்ஸின் ஓடு பாலியூரித்தேன் வகைப் பிளாஸ்டிக், அலமாரியில் இருந்தாலும் ஈரப்பதத்தில் மெல்ல உள்ளுக்குள் சிதையும். ஒரு நாள் குளிரில், நடுச் சரிவில் உடையலாம். உடைந்த ஓட்டோடு வந்தவர்களைக் கடையில் பார்த்திருக்கிறேன், முதல் நாள் வரை வெளியே ஒன்றும் தெரிந்திருக்காது. அதைவிட முக்கியம் நிற்கும் கோணம். அந்தக் கால ரேஸ் பூட்ஸ் காலை அதிகமாக முன்னால் சாய்த்து வைத்திருக்கும். அப்படி நின்றால் முழங்கால் எப்போதும் மடங்கியே இருக்கும், தொடை ஒரு நொடியும் ஓய்வெடுக்காது. இன்றைய பூட்ஸ் நிமிர்ந்தவை, பல மாடல்களில் 12 முதல் 14 பாகை. உங்கள் மதியக் கனத்தில் ஒரு நல்ல பங்கு இந்தப் பூட்ஸிலிருந்து வருகிறது என்று பார்க்காமலே சந்தேகப்படுகிறேன்.

பூட்ஸ் விறைப்புக்கு 90, 100, 120 என்று எண் போட்டிருப்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அது வேறுபடும், பொதுவான அளவுகோல் கிடையாது. குளிரில் இன்னும் விறைக்கும். கடைக்குள் இருபது டிகிரியில் மெத்தென்று வளைவது மைனஸ் பத்தில் அசையாது. உங்களுக்கு 100 பக்கம் பாருங்கள், ஆனால் எண்ணை நம்பாமல் மாட்டி முழங்காலை முன்னால் தள்ளிப் பாருங்கள், கணுக்கால் மடங்க வேண்டும். ஓடு பாதத்துக்கு இறுக்கமாகப் பொருந்தட்டும். வலிக்காமல் இருக்கப் பெரிய அளவு வாங்குவதுதான் வயதானவர்கள் அதிகம் செய்வது. பாதம் உள்ளே நகர்ந்தால் ஸ்கியை நீங்கள் ஓட்டவில்லை, அது உங்களை ஓட்டும். வலிக்கும் இடத்தைப் பட்டறையில் சூடேற்றித் தள்ளித் தருவார்கள். குனிந்து மாட்டுவதே கஷ்டம் என்றால் பின்பக்கம் திறக்கும் பூட்ஸ் மறுபடி வந்திருக்கிறது, நோர்டிகாவின் எச்.எஃப். ஒன்று. முதுகும் தோளும் ஒத்துழைக்காதவர்களுக்கு நல்ல வரம். கால் நுணுக்கம் வேண்டும் என்கிறவர்கள் சாதாரண நான்கு பக்கிள் அல்லது முறுக்கிக் கட்டும் போவா வகைக்கே போகலாம். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் இந்த வருடம் பூட்ஸ் வாங்கி, ஸ்கியை வாடகைக்கு எடுங்கள்.

வாடகைக்கு எடுப்பது எப்படியும் வேண்டியதுதான், ஏனென்றால் ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. மலையில் உள்ள பல கடைகளில் டெஸ்ட் ஸ்கி கொடுப்பார்கள், பிறகு வாங்கினால் வாடகையைக் கழித்துக்கொள்வார்கள், முதலிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் சொந்தப் பூட்ஸோடு, ஒரே நாளில் இரண்டு ஸ்கி, ஒரே பிஸ்டில். காலையில் ஒன்றும் பிற்பகலில் ஒன்றும் எடுத்தால் ஒப்பிட முடியாது, பனியே மாறியிருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைக்குப் போய் இரண்டையும் மாற்றி மாற்றி எடுங்கள். முதலில் சுலபமான நீல நிறப் பிஸ்டில் பேரப்பிள்ளை வேகத்தில் பெரிய வட்டங்கள்: ஸ்கி தானாக வளைகிறதா, நீங்கள் திருக வேண்டியிருக்கிறதா? அப்புறம் கடினமான இடத்தில் குறுக்காக நின்று, விளிம்பை மெல்லத் தளர்த்திப் பக்கவாட்டில் வழுக்குங்கள். சீராக வழுக்கி, விளிம்பு வைத்ததும் நிற்க வேண்டும். திடீரென்று பிடித்துக் கவிழ்க்கப் பார்த்தால் அது உங்களுக்கான ஸ்கி இல்லை. விளிம்பைத் தீட்டியவர் சரியாகச் செய்யாததும் காரணமாக இருக்கலாம், கடையில் சொல்லி இன்னொரு ஜோடி கேளுங்கள். கடைசியாக உடைந்த பனி மேடுகளில் நிற்காமல் ஒரு முழு இறக்கம். கீழே வந்ததும் தொடையைக் கவனியுங்கள். எந்த ஸ்கியில் குறைவாக எரிகிறதோ அதுதான், காலையில் எது உற்சாகமாக இருந்தது என்பது பற்றிக் கவலை வேண்டாம்.

வாங்கிய பிறகு விளிம்பைத் தீட்டி வைத்திருங்கள். அடிப்பக்கம் 1 பாகை, பக்கவாட்டு 88 பாகை என்றால் உங்கள் வகைச் சறுக்கலுக்குப் போதும். இன்னும் கூர்மையாக வைத்தால் பிடி கூடும், மன்னிப்புக் குறையும். மழுங்கிய விளிம்போடு கடினப் பனியில் இறங்குவது முழங்காலுக்கு நல்லதல்ல, நீங்கள் அறியாமலே அதிகம் சாய்ப்பீர்கள்.

ஸ்கியால் தீராத ஒரு பகுதியும் இருக்கிறது. சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எரிச் ம்யுல்லர் குழுவினர் அறுபது, எழுபது வயதுக்காரர்களைப் பன்னிரண்டு வாரம் வழிகாட்டியோடு சறுக்கவைத்து, 2011-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கால் பலமும் இதயத் தாங்குதிறனும் கூடியிருந்தன. அந்த வயதில் தசை இன்னும் பதில் சொல்கிறது என்பது எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் செய்தி. அக்டோபரிலேயே தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சியைத் தொடங்குங்கள், பிசியோதெரபி செய்பவரிடம் முழங்காலைக் காட்டி. கூடவே அரை நாள் ஆசிரியர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நேர் ஸ்கி காலத்தில் கற்றவர்கள் பாதங்களை ஒட்டி வைத்து, எழும்பி எடையை நீக்கித் திருப்புவார்கள். இன்றைய ஸ்கிக்கு அந்த எழும்பல் வேண்டாம், பாதங்களை இடுப்பளவு விலக்கி, உருட்டிவிட்டாலே போதும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு எழும்பலை மிச்சப்படுத்தினால் நாள் முடிவில் எவ்வளவு மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள்.

எப்போது வாங்குவது? டெஸ்ட் ஜனவரியில் செய்யுங்கள், அப்போதுதான் கடினப் பனியும் கிடைக்கும், கடைகளில் எல்லா அளவும் இருக்கும். மார்ச் கடைசியில் விலை குறையும், டெஸ்ட் ஸ்கிகளையும் தள்ளிவிடுவார்கள். ஆனால் 165 முதல் 170 வரையான நீளங்கள்தான் முதலில் தீர்ந்துபோகும், எனவே பிடித்ததை முன்கூட்டியே சொல்லிவைக்க முடியுமா என்று கேளுங்கள். டெஸ்ட் ஜோடியையே எடுப்பதானால் அடிப்பக்கமும் விளிம்பின் மிச்ச உயரமும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, பைண்டிங்கைப் புதிதாக அளந்து தரச் சொல்லி வாங்குங்கள்.